இளைஞர்களிடம் கேளுங்கள்!



டெல்லி சி.எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் லோக்நீதி அமைப்பு 2021-ல் 18 மாநிலங்களில், 15 முதல் 34 வயதுவரை உள்ள ஆறாயிரத்துக்கும் அதிகமானோரிடம் கருத்துக் கேட்டது. மதத்தின் காரணமாக நண்பர்களே பாரபட்சம் காட்டியதாகச் சொன்ன முஸ்லிம் இளைஞர்கள் 44 சதவீதம்!

நாம் மேடையில் முழங்கினால் வகுப்புவாதம் என்பார்கள். கணக்கைக் காட்டினால் எளிதில் புறந்தள்ள முடியாது. 2006-ல் சச்சார் குழு, அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே நமது பின்தங்கிய நிலையை நிறுவியது.

யாரோ வந்து கேட்டபோது மனம் திறந்த பிள்ளைகளிடம் நமது ஜமாஅத்துகள் என்றைக்காவது கேட்டதுண்டா? படிப்பு, வேலை, அச்சம், ஓட்டு அனைத்தையும் மஹல்லாதோறும் கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம். பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். பதில் கசந்தாலும் கோபப்படாதீர்கள். மஷூரா நமது மார்க்கம் காட்டிய வழி. கேளாத செவி தலைமைக்குத் தகுதியற்றது!