உரிமம் பெற்ற கால்கள்

பள்ளிவாசல் போன்ற மலையூரில் பேருந்தின் உயர்ந்த படியில் ஏற இயலாதவருக்குக் கார் ஆடம்பரமன்று.

இதே இடுக்கி மாவட்டத்தின் கரிமண்ணூரைச் சேர்ந்தவர் ஜிலுமோள் மரியட் தாமஸ். பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். காலால் ஓவியம் தீட்டுபவர். அவர் ஓட்டுநர் உரிமம் கேட்டபோது அதிகாரிகள் மறுத்தனர். இத்தனைக்கும் 2016-லேயே இந்தூரில் கைகளற்ற விக்ரம் அக்னிஹோத்ரி உரிமம் பெற்றிருந்தார். ஜிலுமோள் உயர்நீதிமன்றம் சென்றார். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையம் தலையிட்டது. கொச்சி நிறுவனமொன்று அவரது காரில் விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர் ஆகியவற்றைக் குரலுக்கு இயங்கச் செய்தது. ஸ்டீயரிங்கைக் கால் திருப்பியது. 2023 டிசம்பரில் பாலக்காட்டில் முதல்வர் பினராயி விஜயன் உரிமத்தை வழங்கினார்.

அன்று இடதுசாரிகள் ஆண்ட மாநிலத்திலும் அலுவலக மேசை தானாக அசையவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இவர்களது வண்டிக்கு இட்ட ஆங்கிலப் பெயர் 'இன்வாலிட் கேரியேஜ்'. 'இன்வாலிட்' என்ற சொல்லுக்கே 'செல்லாதது' என்றும் பொருளுண்டு! 2019 திருத்தமே அதனை 'தகவமைத்த வாகனம்' என மாற்றியது. சோதிக்கவேண்டியது ஓட்டும் திறனை. விரல்களின் எண்ணிக்கையை அன்று.

ஆனால், தேயிலை ஆலை இயந்திரத்தில் கையிழந்த தொழிலாளி காரைத் தகவமைக்கும் செலவுக்கு எங்கே போவார்? அதனை அரசே ஏற்கவேண்டும் என்பது அடுத்த கோரிக்கை.