மாணாக்கரும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

(துடியலூரில் கூடிய நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுங்கால் பெற்றோரும் உபாத்தியாயரும் அவர்களுக்கு எவ்வாறு துணை நிற்றல் வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் பெரும் பண்டிதரல்லேம். பிள்ளைகளோடு பழகியதிற் கண்டவற்றையே சொல்ல முன்வந்தோம். குற்றங் குறைகளைப் பொறுத்தருள்வீர்களாக.

இக்காலத்தில் கட்டுரை கைக்கு வருவது மிக எளிது. கடையிற் பணங் கொடுத்தால் அச்சிட்டு அட்டையும் போட்டுத் தருகின்றனர். கைப்பேசியிற் கேட்டால் இயந்திரமே நொடியில் எழுதித் தருகின்றது. இவையிரண்டும் இல்லாவிடில் தகப்பனார் இரவெல்லாம் கண்விழித்து எழுதுகின்றார். பிள்ளையோ தன் பெயர் பொறித்த கட்டுரையில் என்ன இருக்கின்றது என்றறியாது மேடையில் நின்று விழிக்கின்றது. இதனினும் பரிதாபம் வேறுண்டோ?

இதற்கு மாறான வழியொன்று நம் நாட்டில் முன்னமே காட்டப்பட்டுள்ளது. தேசிய அளவில் 1993-ஆம் ஆண்டு தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்தி வந்தனர். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊரிலுள்ள ஒரு பிரச்சினையைத் தாமே நேரிற் சென்று ஆராய்ந்து எழுதுவதே அதன் முறை. வழிகாட்டும் ஆசிரியர் உடனிருப்பார், ஆராய்ச்சியோ பிள்ளைகளுடையதே.

அம்முறையை நம்மூருக்குப் பொருத்திக் காட்டுவோம். முதலாவது, விஷயம் சிறிதாயிருத்தல் வேண்டும். நம்மிடம் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியொருத்தி வந்து, 'தண்ணீர்ப் பஞ்சம்' என்று எழுதப் போவதாகச் சொன்னாள். அது கடல் போன்ற விஷயம். "உன் வீட்டைச் சுற்றி எத்தனை கிணறுகள் உள்ளன? அவற்றில் நீர் நின்றது எப்போது?" என்று கேட்டோம். அவள் விடை அறியாள்; நாமும் அறியோம். ஆகவே அதுவே தக்க கேள்வியாயிற்று.

இரண்டாவது, கண்டது வேறு, கேட்டது வேறு, படித்தது வேறு என்று மூன்றையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டுத் தானே அளந்தது ஒன்று. மாடு பூட்டிக் கவலை இறைத்ததையும், 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் தோட்டங்களில் மோட்டார் வைத்ததையும் முதியோர் வாய்மொழியாகச் சொன்னது மற்றொன்று. சொன்னவர் எவர், அவர் அதைத் தாமே கண்டவரா, பிறர் சொல்லக் கேட்டவரா என்றும் எழுதுதல் அவசியம்.

மூன்றாவது, பழைய நூல்களைக் கவனத்தோடு எடுத்தாளல் வேண்டும். நிக்கல்சன் துரை 1887-இல் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா நூலைக் கண்ட பிள்ளை, அதன் கணக்கை இன்றைய மாவட்டக் கணக்கோடு ஒப்பிட்டு விடுதல் எளிது. ஆனால் அன்றைய ஜில்லா வேறு. கரூர் 1910-இல் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தது. கொள்ளேகாலம் 1956-இல் மைசூர் இராஜ்யத்துக்குச் சென்றது. ஈரோட்டுப் பகுதி 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டங்களாயின. நம் துடியலூரும் 2011-இல் கோவை மாநகராட்சியில் அடங்கிற்று. பெயர் ஒன்றாயினும் எல்லை ஒன்றன்று. இதைப் பிள்ளைக்கு நினைவூட்டுவது பெரியோர் கடமை.

நான்காவது, காரணம் கூறுவதில் அவசரம் ஆகாது. "மழை குறைந்ததால் கிணறு வற்றியது" என்று அச்சிறுமி எழுதினாள். "எவ்வாறு அறிந்தாய்?" என்றோம். மறுபடியும் சென்று, ஒவ்வொரு கிணறும் வற்றிய காலத்தையும், அதனருகே ஆழ்துளைக் கிணறு போட்ட காலத்தையும் கேட்டு இரண்டு பத்தியாக எழுதி வந்தாள். அதைக் கண்டபின் முதலில் எழுதிய வாக்கியத்தைத் தானே அடித்துவிட்டாள். நாம் வாய் திறக்கவில்லை.

இது நிற்க. நாம் செய்த பிழையொன்றையும் இச்சபையில் மறையாது சொல்ல வேண்டும். அதே கட்டுரையில் ஊர்ப் பொதுக்கிணறு ஒன்றைப் பற்றி ஒரு மூதாட்டி கூறியதையும் அவள் எழுதியிருந்தாள். "அந்தக் கிணற்றில் எங்களைச் சேந்த விடமாட்டார்கள். குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்போம், யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் உண்டு" என்பது அம்மூதாட்டியின் வாக்கு. விடாதவர் யாவர் என்று சொல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோரும் அவருள் அடங்குவர். நாம் சிவப்பு மையால் அவ்வரிகளை அடித்து, "இது கிணற்றைப் பற்றிய கட்டுரைக்கு வேண்டாம், கண்ணு" என்றோம்.

அச்சிறுமி சற்று நேரம் பேசாதிருந்து, "ஐயா, அந்த ஆத்தா சொன்னது பொய்யுங்களா?" என்று கேட்டாள்.

பொய்யன்று. சிறுவராயிருந்தபோது நாமே கண்ட காட்சி அது. கேட்டதைக் கேட்டவாறே எழுது என்று கற்பித்தவரும் நாமே, நமக்கு நாணந் தரும் இடத்தில் அடித்தவரும் நாமே. கடையில் வாங்கிய கட்டுரைக்கும், நாம் அடித்துத் திருத்திய கட்டுரைக்கும் அப்பொழுது என்ன பேதம்? தாளை வாங்கி, அடித்த வரிகளை நம் கையாலேயே மீண்டும் எழுதிக் கொடுத்தோம். அவள் பள்ளியில் அதனைப் படித்தாள். நம்மவருள் சிலர் முகஞ் சுளித்தனர். சுளிக்கட்டும்; கட்டுரையில் அவ்வரிகள் இருக்கின்றன.

ஆகையால் பெரியோர்களுக்கு நமது விண்ணப்பம் இது. பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்பியுங்கள், அவர்கள் செல்லுமிடத்துக்கு உடன் செல்லுங்கள், கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதுகோலை மாத்திரம் அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். சங்கத்தார் ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசு அளிப்பது போலவே, தானே நடந்து, அளந்து, கேட்டு எழுதிய கட்டுரை ஒன்றுக்கும் பரிசு அளித்தல் வேண்டும். அது நம் குலப்பெருமையைப் பாடினும் பாடாவிடினும் அதற்குப் பரிசு மறுக்கலாகாது.