படலையிலே தொடங்கும் தேர்தல்



றேச்சல் லியர்ஸ் அம்மையார் இயக்கி 2019இல் வெளிவந்த ‘நொக் டவுன் த ஹவுஸ்’ என்னும் விவரணப்படம், பணபலமோ கட்சித் தலைமையின் ஆதரவோ இன்றி, அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் 2018ஆம் ஆண்டு வேட்பாளர் தெரிவுத் தேர்தலில் இறங்கிய நான்கு பெண்மணிகளின் கதையாகும்.

நியூயோர்க்கிலே அலெக்சாண்ட்றியா ஒக்காசியோ கோர்ட்டெஸ் போட்டியிடச் சட்டம் கேட்டவை 1,250 கையொப்பங்கள். எதிரணி ஆட்சேபித்துத் தள்ளச்செய்யும் என்றறிந்து, அவர் அணியினர் அதனினும் மிகுதியாகவே திரட்டினர். 1999 முதல் காங்கிரஸில் வீற்றிருந்த ஜோ குறோலி தோற்றார்.

ஏனைய மூவரும் தோல்வியுற்றனர். ஆயினும், அவர்களுள் கோறி புஷ் 2020இல் மீண்டும் நின்று வென்றார்.

நண்பர்களே, தேர்தல் மேடையிலே தொடங்குவதன்று. வாக்காளரின் வீட்டுப் படலையிலே தொடங்குகின்றது. ஒரு போகம் பொய்த்ததென்று கலப்பையை எறிந்துவிடும் உழவனும் உண்டோ?