பெயரற்ற தெய்வங்களும் பெயரிழந்த சிறுமியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மேடையில் மந்திரவாதிக் கதை பேசுவதா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் படைத்த ‘ஏர்த்சீ’ கதைத்தொடர். அதன் முதல் நூல் 1968 இல் வெளிவந்தது. தீவுகளாலான அந்த உலகில் மந்திரம் என்பது பெயரை அறிவதே. ஒவ்வொன்றுக்கும் ஆதிமொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவருக்கு அது கட்டுப்படும். செகோய் என்பவர் பெயர் சொல்லித்தான் தீவுகளைக் கடலிலிருந்து எழுப்பினார் என்பது அவர்களது படைப்புக் கதை.

1971 இல் வந்த இரண்டாம் நூலான ‘அற்றுவானின் கல்லறைகள்’ ஒரு சிறுமியின் கதை. அவள் பெயர் ரெனார். ஐந்து வயதில் அவளைத் தாயிடமிருந்து பிரித்துப் பாலைநிலத்துக் கோயில் ஒன்றுக்குக் கொண்டுவருகிறார்கள். முந்தைய தலைமைப் பூசாரினி இறந்த இரவில் பிறந்தவள் என்பதால், அவளே மறுபிறவி எடுத்து வந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. சடங்கொன்றில் அவள் கழுத்துக்கு மேல் வாள் ஓங்கப்பட்டு, பின் தடுக்கப்படுகிறது. அன்று அவள் பெயரைத் ‘பெயரற்றவர்கள்’ எனும் தெய்வங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் அவள் ‘அர்ஹா’, அதாவது உண்ணப்பட்டவள்.

அந்த இடத்தில் அவளை விட உயர்ந்தவள் எவளும் இல்லை. மரியாதைக்குக் குறைவே இல்லை. பெண்ணைத் தெய்வமென்று புகழும் மேடைகளின் கீழே அமர்ந்து கேட்டுப் பழகிய எமக்கு இந்த மரியாதை எப்படிப்பட்டதென்று விளக்கத் தேவையில்லை! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாட்டவருக்கு எழுத்து என்பது சூனியத்தோடு சேர்ந்தது. ஆகவே அத்தனை பெண்பிள்ளைகள் வளரும் அந்த இடத்தில் எவளுக்கும் வாசிக்கத் தெரியாது.

இந்தத் தெய்வங்கள் யார்? நாட்டை ஆளும் தெய்வ அரசனின் பூசாரினியான கொசில் இவற்றை நம்புவதில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே தெய்வம் அதிகாரம். பெந்தே என்ற குண்டுப்பெண்ணோ, அரசனும் எல்லோரையும் போல நகம் வெட்டுகிற மனிதன்தானே என்கிறாள். எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவள். எங்கள் விடுதியிலும் இப்படி ஒருத்தி இருந்தாள், பெயர் சொல்லமாட்டேன். அர்ஹாவோ முழுமனதாக நம்புகிறாள். விளக்கே ஏற்றக்கூடாத நிலவறைகளைக் கைகளால் தடவித் தடவி மனப்பாடம் செய்கிறாள். தெய்வங்களின் பெயரால் கைதிகளைச் சாகவும் விடுகிறாள்.

பின்னர் கெட் என்ற மந்திரவாதி திருட்டுத்தனமாக உள்ளே வருகிறான். அவனது கோலின் ஒளியில்தான், தான் ஆண்டுக்கணக்காக நடமாடிய குகையை அவள் முதன்முறையாகக் காண்கிறாள். சுவரெங்கும் பளிங்குகள் மின்னுகின்றன. அவ்வளவு அழகும் இருட்டில் கிடந்திருக்கிறது. பிறகு கொசிலும் அங்கே விளக்கோடு வந்து மண்ணைத் தோண்டுகிறாள். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. தெய்வங்கள் செத்துவிட்டன என்று அர்ஹா அழுகிறாள்.

இங்கேதான் லெ குவின் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறார். தெய்வம் என்பதெல்லாம் பூசாரிகளின் புரட்டு என்று கதையை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சக்திகள் உண்மையானவை, சாகவில்லை என்று கெட் சொல்கிறான். ஆனால் அவற்றிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ஆக்கத் தெரியாது, அழிக்கத்தான் தெரியும். அவற்றை மறுக்கவும் கூடாது, வணங்கவும் கூடாது என்பது அவன் கருத்து.

என் ஊகம் இதற்கு ஒருபடி மேலே போகிறது. பெயர் சொல்லிப் படைக்கப்பட்ட உலகில் பெயரற்றது என்றால், படைப்புக்குள் வராதது என்றுதானே பொருள்? அதனால்தான் அதற்குப் பிறர் பெயரில் அத்தனை பசி. அது கேட்பது இரத்தத்தைக் கூட அல்ல, ஒரு பிள்ளையின் பெயரை. அதை எடுத்துக் கொடுப்பவர்களோ மனிதர்கள். நிலத்தடி இருள் தானாகத் தெய்வமாகவில்லை, ஊட்டி வளர்த்துத் தெய்வமாக்கியிருக்கிறார்கள். ‘ரெனார்’ என்று கெட் அவள் பெயரைத் திருப்பிச் சொன்ன பிறகு அந்தக் கல்லறைகள் நெடுநாள் நிற்கவில்லை.

பலர் முதல் மூன்று நூல்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். 1990 இல் வந்த நான்காம் நூல் ‘தெஹானு’வில் ரெனார் நடுவயதுக் கமக்கார விதவை. நெருப்பில் சுடப்பட்டு முகமும் கையும் சிதைந்த ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறாள். கடைசியில், ஆபத்து வேளையில், மூத்த டிராகன் கலெசின் வருகிறது. அதை அழைத்தவள் அந்தப் பிள்ளை. அதனைச் ‘செகோய்’ என்றும் அவள் விளிக்கிறாள். தீவுகளை எழுப்பிய அதே பெயர்!

அந்த நூலில் ஆசிரியர் இதற்கு விளக்கம் எழுதவில்லை. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். படைத்தவருக்கு அங்கே கோயில் இல்லை, பூசாரினி இல்லை, நேர்ச்சை இல்லை. முதலாவது தெய்வம் ஒரு சிறுமியின் பெயரை எடுத்துக்கொண்டது. இதுவோ வந்து, தெஹானு என்று அவளை அவளது உண்மைப் பெயரால் அழைக்கிறது. போகலாமா என்று கேட்பவள் பிள்ளைதான், அது கட்டாயப்படுத்தவில்லை. பின்னர் அவள், இவர்களோடு இருக்கிறேன் என்கிறாள். டிராகன் அதை ஏற்றுக்கொண்டு தனியே பறந்து போகிறது.