பறங்கிமலை உச்சியிலே



மலை என்றதும் இமயமும் பொதிகையுமே நம் நினைவிற்கு வருகின்றன. இன்று நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பதோ ஏறத்தாழ 300 அடியே உயரமுள்ள ஒரு குன்றிற்கு. சென்னையின் தெற்கே நிற்கும் பறங்கிமலைதான் அது.

அதன் உச்சியில் போர்ச்சுகீசியர் 1523-ஆம் ஆண்டில் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அவர்களை நம் முன்னோர் பறங்கியர் என்று வழங்கினர்; குன்றின் பெயருக்கு அதுவே காரணம். படியேறி மேலே நின்றால், வடக்கே அடையாற்றின் போக்கும், தென்மேற்கே மீனம்பாக்கம் விமான நிலையமும், அதற்கப்பால் பல்லாவரத்துக் குன்றுகளும் தெரியும். கிழக்கே சமவெளி கடல்வரை பரந்து கிடக்கிறது. இன்று வீடுகள் நிறைந்த இவ்வெளியிலேதான் இந்திய நில அளவையின் பெரும்பணி தொடங்கியது.

1802-ஆம் ஆண்டுக் கோடையில் வில்லியம் லாம்டன் என்பவர் இங்கு ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளந்தார். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. அதனை ஏறத்தாழ 400 முறை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. வெயிலில் எஃகு நீளுமன்றோ? ஆதலால் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, கூடாரத்தால் நிழல் செய்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தனர்.

இத்தனை கவனம் எதற்கு? முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்பது நீங்கள் படித்ததே. அப்படிக் கண்ட பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று எனத் தொடர்ந்தே நாடு அளக்கப்பட்டது. முதற்கோட்டில் நேரும் சிறு பிழையும் முக்கோணந்தோறும் பெருகிச் செல்லும்!

லாம்டன் 1823-இல் மறைந்தார். பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். முக்கோணங்கள் இமயத்தின் அடிவாரத்தை எட்டின. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது. இன்று ஏற்கப்பட்டுள்ள அளவு 29,032 அடி. அவ்வளவு அண்மையில் அன்றே வந்துவிட்டனர்.

உலகின் மிக உயர்ந்த சிகரத்தை அளந்த பெரும்பணி, இச்சிறு குன்றின் அடியில்தான் முதல் அடி எடுத்து வைத்தது. அடுத்த முறை மின்சார ரயிலில் பறங்கிமலையைக் கடக்கும்போது, சற்றே தலை நிமிர்ந்து பாருங்கள். ஓய்வு கிடைத்தால் ஏறியும் பாருங்கள்.