பரிணாமத்தை நீக்கிய பாரம்பரியம்



மறைந்தவரின் பெருமையைப் பேசிக் கலைவது நினைவுக் கூட்டங்களின் வழக்கம். அவர் விட்டுச்சென்ற வேலையைப் பேசுவது நம் வழக்கமாக இருக்கட்டும். இன்று நாம் எடுத்துக்கொள்வது ஒரு பள்ளிப் பாடம். பாதி வெட்டப்பட்ட பாடம்.

என்சிஇஆர்டி வெளியிடும் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றொரு அத்தியாயம் இருந்தது. கொரோனாக் காலத்தில், மாணவர் சுமையைக் குறைக்கிறோம் என்று வெட்டத் தொடங்கினார்கள். 2023இல் கைக்கு வந்த நூலில் அந்த அத்தியாயத்தின் பெயர் ‘பாரம்பரியம்’ மட்டுமே. பரிணாமம், புதைபடிவங்கள், மனிதத் தோற்றம் எல்லாம் போயின. அந்த ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் இருக்கிறதே என்றார்கள். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? 2018 ஜனவரியிலேயே மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு தவறு, பாடத்திட்டம் மாற வேண்டும் என்று பேசியிருந்தார்.

எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று சேர்த்துப் பாருங்கள். பாரம்பரியம் இருக்கிறது, பரிணாமம் இல்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ன வருகிறது என்பது இருக்கிறது. தலைமுறைகளின் ஊடாக உயிர்கள் மாறுகின்றன, எல்லோருக்கும் வேர் ஒன்று என்பது இல்லை. மெண்டலின் பட்டாணி பொய்யல்ல. ஆனால் இந்த மண்ணில் அதை மட்டும் தனியே சொன்னால் பிள்ளையின் காதில் வேறொன்றாக விழும். நோக்கம் எதுவானாலும் விளைவு இதுதான். ஏனெனில் சாதி என்பதே பரிணாமத்தை நீக்கிய பாரம்பரியம்.

இதற்கு வரலாறு உண்டு. 1871இல் வெள்ளை அரசு ஒரு சட்டம் போட்டது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதற்குத் தமிழில் வழங்கிய பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். குற்றம் தாய் வயிற்றிலிருந்தே வருகிறது என்று சட்டமே சொன்னது. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார்.

அம்பேத்கர் இந்த அளவுகோலையே திருப்பிப் பிடித்தார். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சென்னைப் பிராமணருக்கும் சென்னைப் பறையருக்கும் இன வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். 1948இல் தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், அளந்தவர்களின் கணக்கை வைத்தே இருவரும் ஒரே இனம் என்று வாதிட்டார். 2013இல் ஐதராபாத், ஹார்வர்ட் அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையில் இந்தத் துணைக்கண்டத்தில் கலப்பு பரவலாக நடந்திருக்கிறது. அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான். ஆதி அந்தம் இல்லாதது என்று சொல்லப்பட்டதற்குத் தொடக்கம் உண்டு. தொடங்கியது முடியவும் கூடும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. பிறப்பால் வந்த உரிமை என்று அவர்கள் ஆண்டார்கள். ஜாகிர் போனது, பேச்சு போகவில்லை. மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று அடிவாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் எப்படி வந்தது என்ற கேள்விக்கு முன்னால், ‘அதுங்க ரத்தத்திலேயே ஊறினது’ என்ற பேச்சு வந்துவிட்டது. இது அறியாமையில் உளறுவது மட்டுமல்ல. அடுத்த கேள்வி வராமல் தடுக்கும் பேச்சு. ரத்தம் என்று சொல்லிவிட்டால் காவல்துறையைக் கேட்க வேண்டாம், கூலியைக் கேட்க வேண்டாம், பள்ளியையும் கேட்க வேண்டாம்.

நம்மில் சிலர் டார்வினையே சந்தேகிக்கிறார்கள். ‘தகுதியுள்ளதுதான் பிழைக்கும் என்று சொன்னவர்தானே’ என்கிறார்கள். அந்தச் சொற்றொடரை உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைத் தன் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துக்கொண்டார். பாடநூல் அதைத் ‘தக்கன பிழைத்தல்’ என்கிறது. தக்கது வேறு, இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் பேசும் தகுதி வேறு. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிக்கும் நம் கூலித் தோழர்களுக்கு இது தெரியும். முதல் வருடம் செத்த புழு சில வருடங்களில் அதே மருந்துக்குச் சாவதில்லை. மருந்தைத் தாங்கிய சில புழுக்கள் தப்பின. அவற்றின் குஞ்சுகள் பெருகின. தப்பிய புழு உயர்சாதிப் புழு அல்ல. மருந்தை மாற்றினால் கதையும் மாறும். சூழலை மாற்றினால் யார் தழைப்பார் என்பதும் மாறும். இடஒதுக்கீடு கேட்பது அந்த மாற்றத்தைத்தான்.

சோற்றுக்கும் சாலைக்கும் போராடும் ஊரில் டார்வின் எதற்கு என்றும் கேட்கிறார்கள். சாலை கேட்டுப் போகிறவனை ‘உன் பிறப்பு அப்படி’ என்று திருப்பி அனுப்புகிறார்களே, அதற்காகத்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பத்தாம் வகுப்பில் இன்னும் இருக்கிறது. இருந்தும் பல வகுப்பறைகளில் அது ஒரு மதிப்பெண் வினாவாகக் கடந்துபோகிறது. சாமியை இழுக்க வேண்டுமோ என்று ஆசிரியர் தயங்குகிறார். மலையாளி மக்கள் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை சொல்கிறார்கள். அந்தக் கதையை அழிக்கச் சொல்லி இந்தப் பாடம் கேட்கவில்லை. மக்கள் நினைவுக்கு ஓர் இடம், சான்றுக்கு ஓர் இடம்.

சான்று நம் பக்கத்திலேயே கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு பேருந்து பிடித்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிடலாம். மலையில் சாமைக் கதிரில் நல்லதாகப் பார்த்து விதைக்கு எடுத்துவைக்கும் அம்மாக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்துவருகிறார்கள். டார்வினும் 1859இல் தன் நூலை வளர்ப்புப் பயிர்களிலிருந்தும் புறாக்களிலிருந்தும்தான் தொடங்கினார். ‘உன் அம்மா செய்வதுதான் இந்தப் பாடத்தின் முதல் பக்கம்’ என்று உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். படிப்பு ஏறாது என்ற பேச்சு அங்கேயே பொய்யாகும்.

ஆகவே மூன்று வேலைகள். நம் மாலை வகுப்புகளில் இந்தப் பாடத்தை முழுதாக நடத்துவோம். மாணவத் தோழர்கள் பொறுப்பெடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் பெற்றோர், அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதை எழுத்தில் கேட்கட்டும். வெட்டிய பகுதியைத் திரும்பச் சேர்க்கும் கோரிக்கையில், சாதி ஒழிப்பு இயக்கங்களின் கையெழுத்தும் அறிவியலாளர்களின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறப்பு ஒரு தொடக்கம்; அதைத் தீர்ப்பாக எழுத யாருக்கும் உரிமையில்லை. இதை அறிவியல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், தெருவில் அவளிடம் வேறு மாதிரிச் சொல்வது கடினமாகிவிடும்.

ஜெய்பீம்.