கலாக்ஷேத்திரக் கலைவிழாவும் மிருதங்கத்துத் தோலும்

(வாசகசாலை ஆண்டுவிழாக் கூட்டத்தில் பேசியது)



இன்றைய தினம் "கலையும் பகுத்தறிவும்" என்பது பற்றிப் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்குச் சங்கீதம் தெரியாது. தாளம் தப்பினால் தப்பிற்று என்று கண்டுபிடிக்கிற யோக்கியதைகூட நமக்குக் கிடையாது. அப்படியிருக்க ஏன் ஒப்புக்கொண்டோம் என்றால், சமைக்கத் தெரியாதவனுக்கும் சோற்றைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்கிற தைரியத்தினால்தான். அதிலும் நாம் பேசப்போகிற சோறு நம்முடைய வரிப்பணத்தில் பொங்குகிற சோறு.

சென்னைப் பட்டணத்தில் மார்கழி வந்தால் சபா சபாவாகக் கச்சேரி நடக்கிறது உங்களுக்குத் தெரியும். அதை ஒட்டி, டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து ஜனவரி முதல் வாரம் வரையில், திருவான்மியூரிலே கலாக்ஷேத்திரம் என்கிற பள்ளிக்கூடத்தார் தங்கள் ஆண்டுக் கலைவிழாவை நடத்துகிறார்கள். இந்த விழாவைப் பற்றி நமது தோழர் ஒருவர் நம்மிடம் வந்து, "அது பணக்காரரும் பார்ப்பனரும் உட்கார்ந்து தலையாட்டுகிற இடம்; அதில் சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்று காட்டத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

அந்தப் பள்ளிக்கூடம் 1936-ல் ருக்மணி தேவி அருண்டேல் அம்மையாரால் அடையாற்றில் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே நாட்டியம், பாட்டு, வாத்தியம், சித்திரம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். நெசவுக்குத் தறி இருக்கிறது. கலம்காரிச் சாயவேலை நடக்கிறது. 1993-ல் பார்லிமெண்டில் அதற்கென்றே ஒரு சட்டம் செய்து, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் என்பதாக அறிவித்துவிட்டார்கள். அன்றுமுதல் அது மத்திய சர்க்கார் ஸ்தாபனம். ஒரு தனவான் தன் வீட்டுத் திண்ணையில் சதங்கை கட்டி ஆடினால் நமக்கென்ன என்று போய்விடலாம். பீடிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கிறவன் பணத்தில் ஆடுகிற ஆட்டத்தை அப்படி விட்டுவிட முடியாது.

முதலில் ஒரு சங்கதி. கலை தெய்வீகமானது, கடவுள் கொடுத்த வரம், முன்ஜன்ம வாசனை என்று சபைகளில் பேசுகிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் தினம் காலையில் ஆலமரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்துவது பழக்கம். நடத்தட்டும். பல மதத்துப் பிரார்த்தனையும் சொல்லுவார்கள் என்பதையும் நாமே சொல்லிவிடுகிறோம். உள்ளதை மறைக்க வேண்டியதில்லை. பிரார்த்தனை முடிந்ததும் என்ன நடக்கிறது? பிள்ளைகள் அரைமண்டியில் உட்கார வேண்டும். வாத்தியார் தட்டுக்கழியால் பலகையில் தட்டுவார். தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும் தொடை வலிக்க வலிக்க அடிக்க வேண்டும். இப்படி நாலு வருஷம் அடித்தால்தான் பட்டயம்.

நாம் ஒரு சோதனை சொல்லுகிறோம். ஒரு வருஷம் அந்தப் பிரார்த்தனையை நிறுத்திவிட்டு அடவை மட்டும் நடத்திப் பாருங்கள். அடுத்த வருஷம் அடவை நிறுத்திவிட்டுப் பிரார்த்தனையை மட்டும் நடத்திப் பாருங்கள். எந்த வருஷத்துப் பிள்ளைகள் மேடையில் ஆடுவார்கள்? இதற்குச் சாஸ்திரம் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு எட்டு வயதுக் குழந்தை பதில் சொல்லிவிடும்.

அப்படியானால் பாடுபட்டு வந்த வித்தையைத் தெய்வீகம் என்று ஏன் சொல்ல வேண்டும்? சொல்லுவதில் லாபம் இருக்கிறது. பாடுபட்டு வந்தது என்றால், "யார் பாடுபட்டது?" என்று அடுத்த கேள்வி வரும். தெய்வம் கொடுத்தது என்றுவிட்டால் அந்தக் கேள்வி வராது. வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

பரதநாட்டியம் என்று இன்று சொல்லுகிற ஆட்டத்துக்கு நம் பாட்டன்மார் காலத்தில் சதிர் என்று பெயர். அதை ஆடினவர்கள் கோயிலில் பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள். ஆட்டி வைத்தவர்கள் நட்டுவனார்கள். ருக்மணி தேவி அம்மையார் யாரிடத்தில் கற்றுக்கொண்டார்? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்கிற நட்டுவனாரிடத்தில். 1935-ல் பிரம்மஞான சங்கத்தின் வைரவிழாவில் அம்மையார் மேடை ஏறினார். பார்ப்பன குலத்துப் பெண் சதிர் ஆடுவதா என்று அன்றைக்கு அவருடைய ஜாதியாரே ஏசினார்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஆடினாரே, அந்தத் துணிச்சலை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் சில வருஷத்துக்குள் நிலைமை என்ன ஆயிற்று? ஏசினவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் சதங்கை கட்டிக்கொண்டார்கள். ஆட்டத்தை இரவல் கொடுத்த குடும்பத்துப் பெண்கள் மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். ஆட்டத்துக்கும் "சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரு பேர் வந்துவிட்டது. அழுக்கு யாரிடத்தில் இருந்தது என்பது இதற்கு அர்த்தம்? அந்தக் குலத்தில் பிறந்து உலகமெல்லாம் பேர் வாங்கிய பாலசரஸ்வதி அம்மையார், சிருங்காரத்தைக் கழுவித் துடைக்க வேண்டிய அவசியமில்லை என்றே கடைசிவரை வாதாடினார்.

இந்த இடத்தில் நம் பேரிலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பொட்டுக்கட்டை ஒழிக்கக் கூக்குரலிட்டவர்கள் நீங்களல்லவா, அதனால்தானே அந்தப் பெண்கள் மேடையை இழந்தார்கள் என்று கேட்கிறார்கள். ஆமாம், கூக்குரலிட்டோம். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாமே அந்த வாழ்க்கையைக் கண்டவர், ஊர் ஊராய் மேடையில் நின்று பேசினார். 1936-ல், இந்தப் பள்ளிக்கூடம் பிறந்த அதே வருஷத்தில், "தாசிகள் மோசவலை" என்று நாவலும் எழுதினார். 1947-ல் சட்டம் வந்தது. அதற்காக நாம் வெட்கப்படப் போவதில்லை. ஒரு சிறுபெண்ணைச் சாமிக்குக் கட்டி மிராசுதாருக்குக் கொடுக்கிற வழக்கம் எந்தக் கலையின் பேராலும் இருக்கக்கூடாது. ஆனால், பொட்டு வேறு ஆட்டம் வேறு என்பதை நம்மவர்கள் போதுமான அளவு சொன்னார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் நாம் சொல்லுவோம். பொட்டை அறுத்த கையோடு, "அம்மா, வித்தை உன்னுடையது, பள்ளிக்கூடம் வைத்துச் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடு" என்று நாம் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். போடவில்லை. வேறொருவர் போட்டார்கள். அங்கே பழைய நட்டுவனார்களையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இனி மிருதங்கத்துக்கு வருவோம். இதற்காகத்தான் முக்கியமாய் இன்று வந்தோம்.

மேடையில் மிருதங்கம் வாசிக்கிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலாமரக் கட்டையைக் குடைந்து இரண்டு பக்கமும் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? மரத்தில் காய்த்ததா? மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் வேண்டும். இழுத்துக் கட்டுகிற வார் எருமைத் தோல். உரித்த தோலைப் பார்த்து, தடவி, இது வலந்தலைக்கு ஆகும், இது தொப்பிக்கு ஆகும் என்று பொறுக்குகிறவன் ஒருவன் இருக்கிறான். ஒருவகைக் கல்லைப் பொடிசெய்து சோற்றோடு பிசைந்து, வலந்தலையின் நடுவில் அப்பி அப்பித் தேய்த்துக் கறுப்பாக வட்டம் வைக்கிறான். அந்த வட்டம் சரியாக அமையாவிட்டால் வித்துவானின் விரல் என்ன ஜாலம் செய்தாலும் சத்தம் சேராது. சுருதி காதில் ஏறாதவனால் அந்த வேலை செய்யவே முடியாது. ஆனால் அவனுக்கு யாரும் வித்துவான் பட்டம் கொடுத்ததில்லை.

இந்த வேலையைத் தலைமுறையாய்ச் செய்து வந்தவர்களில் பெரும்பாலோர் தீண்டாதவர் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட வகுப்பிலிருந்து கிறிஸ்துவரானவர்கள். தஞ்சாவூரில் செபாஸ்தியான் என்பவருடைய குடும்பம் இதில் பேர் போனது. அவர் மகன் பர்லாந்து என்பவர்தான் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர். மணி ஐயர் பேர் தெரியாத சங்கீதப் பிரியர் கிடையாது. பர்லாந்து பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் குடும்பத்தையும் இவர்களைப் போன்ற பிற தொழிலாளரையும் பற்றி டி. எம். கிருஷ்ணா என்கிற பாடகர் ஊர் ஊராய்ப் போய் விசாரித்து, 2020-ல் இங்கிலீஷில் ஒரு புஸ்தகம் எழுதினார். "செபாஸ்தியானும் மக்களும்" என்பது அதன் பேருக்கு அர்த்தம். அவர் பார்ப்பன குலத்தில் பிறந்தவர். உண்மையைச் சொல்லப் பிறப்பு தடையில்லை என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

அந்தப் புஸ்தகத்தை வெளியிட எங்கே இடம் கேட்டார்கள்? இதே கலாக்ஷேத்திரத்தில், ருக்மணி அரங்கத்தில். முதலில் சரி என்று இடம் கொடுத்தார்கள். புஸ்தகத்திலிருந்து ஒரு பகுதி பத்திரிகையில் வந்தது. மாடு எப்படி அறுக்கப்படுகிறது, தோல் எப்படி வருகிறது என்பது அதில் இருந்தது. உடனே கலாக்ஷேத்திரத்தார் கொடுத்த அனுமதியை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். தாங்கள் சர்க்கார் ஸ்தாபனம் என்றும், அரசியல், சமுதாய ஒற்றுமைக்குப் பங்கம் வரக்கூடிய நிகழ்ச்சிக்கு இடம் தரமுடியாது என்றும் காரணம் சொன்னார்கள். 2020 பிப்ரவரி 2-ந் தேதி வேறு இடத்தில், ஒரு பத்திரிகைத் தொழில் கல்லூரியில் வைத்துப் புஸ்தகத்தை வெளியிட்டார்கள்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாட்டுத் தோல் அந்த அரங்கத்தில் நுழையலாம். பட்டுத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஆயுத பூஜையன்று அதற்குப் பொட்டு வைப்பார்கள். அது தேவவாத்தியம். ஆனால் இது மாட்டுத் தோல் என்று எழுதின காகிதம் மட்டும் நுழையக்கூடாது! உரித்தவன், பதப்படுத்தினவன், மூட்டினவன் பேர் நுழைந்தால் ஒற்றுமைக்குப் பங்கம்! தோலில்லாத ஒற்றுமை வேண்டுமானால் தோலில்லாத மிருதங்கத்தை வாசித்துக் காட்டட்டும். பசு மாதா என்பதும் வேண்டும், மாதாவின் தோலைத் தட்டித் தாளம் போடுவதும் வேண்டும், இடையில் நிற்கிற ஒருவன்மேல் மட்டும் பாவம் ஒட்ட வேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை. மாட்டுத் தோலில் ஒரு துண்டு பறைக்குப் போகிறது. இன்னொரு துண்டு மிருதங்கத்துக்குப் போகிறது. முதல் துண்டு தீட்டு; சாவுக்கு அடி, வாசலுக்கு வெளியே நின்று அடி. இரண்டாவது துண்டு தெய்வீகம். ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து வாசி. தோல் ஒன்றுதான் என்றால் தீட்டு எங்கே இருந்தது? அடிக்கிறவன் பிறப்பில் இருந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டி வரும். நாயனக்காரர் சங்கதியும் இப்படியே. 1930 வாக்கில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கலியாணத்தில், நாயனம் வாசித்த சிவக்கொழுந்து என்கிற வித்துவான் தோளில் துண்டு போட்டிருந்ததற்காக எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே என்று நமது பட்டுக்கோட்டை அழகிரி அண்ணன் நின்று சண்டை போட்டார். வியர்வை துடைக்கிற துண்டுக்கு ஒரு சண்டை! பிறகு அதே நாயனத்தைத்தான், 1947-ல் சுதந்திரம் வந்த நேரத்தில் டெல்லியில் ஊதுவதற்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் ஜாதி பார்க்கிறார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அதே டி. எம். கிருஷ்ணாவுக்கு 2024-ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் அறிவித்தபோது, பெரியாரைப் புகழ்கிறவருக்குப் பட்டமா என்று சில வித்துவான்கள் அந்த மேடைக்கே வரமாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். 1973-ல் மறைந்த கிழவர் 2024-ல் கச்சேரியை நிறுத்துகிறார் என்றால், எது பழங்கதை?

ஆகவே விழாவுக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. போங்கள். ஆட்டம் அழகாயிருந்தால் கை தட்டுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் ஜாதி இல்லை. அவர்கள் 1944-ல் போட்ட முதல் நாட்டிய நாடகம் குற்றாலக் குறவஞ்சி என்கிற தமிழ்ப் பிரபந்தம்தான். வாசலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட குறத்தி மேடைக்கு நடுவே வந்தால்தான் அந்த நாடகம். அதைக் கேட்கும்போது, வாசலுக்கு வெளியே இன்னும் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, கடற்கரையில், ஊரூர் ஆல்காட் குப்பம் என்கிற மீனவர் ஊரில் 2015-ல் ஒரு விழா ஆரம்பித்தார்கள். பறையும் கூத்தும் கர்நாடக சங்கீதமும் ஒரே மேடையில் ஏறின. வானம் இடிந்து விழவில்லை, கடலும் பொங்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த வாசகசாலையின் பேரால் கலாக்ஷேத்திரத்தாருக்கும், டெல்லியில் கலாசார மந்திரிக்கும் ஒரு மகஜர் எழுதுங்கள். அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில், பாடுகிறவர், வாசிக்கிறவர் பேருக்குக் கீழே, வாத்தியம் செய்தவர் பேரையும் அச்சிட வேண்டும். நெசவுக்குத் தறி போட்டது போலத் தோல் வேலைக்கும் ஒரு கொட்டகை போட்டு, அந்தத் தொழிலாளியை வாத்தியாராய்ச் சம்பளத்தோடு வைக்க வேண்டும். எல்லா ஜாதிப் பிள்ளையும் தோலைத் தொட்டுப் பிசைந்து கற்றுக்கொள்ள வேண்டும். அனுமதி மறுத்த புஸ்தகத்தை அதே ருக்மணி அரங்கத்தில் ஒருநாள் வாசிக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதுங்கள். காகிதமும் தபால் செலவும் நாம் தருகிறோம். நாம் சொல்லுவது உங்கள் புத்திக்குத் தப்பென்று பட்டால் எழுத வேண்டாம். ஏன் தப்பு என்று இப்போதே எழுந்து கேளுங்கள்.

வெளியே பறைக்காரத் தோழர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. இனியும் நாம் பேசிக்கொண்டிருந்தால் சூடு ஆறித் தோல் தொய்ந்துபோகும். அவர்கள் மேடைக்கு வரட்டும்.